தறி இல்லாத பாட்டு

என் மனைவிக்கு முன்பற்களை எடுத்த பிறகுதான் நான் செவிடன் என்பது எனக்குத் தெரிய வந்தது.

சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டிய எவரிடமாவது சொல்லிப் பாருங்கள், சிரிக்க மாட்டார்கள். தறிக் குடோனுக்குள் காதுக்கு வேலையே கிடையாது. தோளோடு தோள் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் எல்லோரும் உதட்டைப் பார்த்துப் பேசப் பழகியவர்கள். உதடு எட்டாத இடத்துக்குக் கை இருக்கிறது. உள்ளங்கையை உயர்த்திக் காட்டினால் தறியை நிறுத்து என்று அர்த்தம். கைப்பிடியைத் தள்ளுவதுபோல முஷ்டியை முன்னால் தள்ளினால் ஓட்டு என்று அர்த்தம். கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனால் டீ வந்துவிட்டது. இவ்வளவு போதும், ஒரு ஆயுசையே ஓட்டிவிடலாம். நாங்கள் ஓட்டினோம்.

கல்யாணமாகி வந்த புதிதிலேயே அவள் தார் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் நூல் சுற்றிய குச்சி ஒன்று இருக்கும், அதற்குத் தார் என்று பெயர். தறி அதைத் தின்றுகொண்டே இருக்கும். யாராவது சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் தறிகளுக்கு நடுவே நிற்பேன், அவள் குடோனின் அந்தக் கோடியில் இருப்பாள். எங்கள் குடும்பம் முழுவதும் அந்தத் தூரத்தில்தான் நடந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், மாமன் வீட்டில் விசேஷம், ராத்திரிக்கு என்ன குழம்பு, எல்லாமே உதட்டில் வரும், உதட்டில் போகும். அவள் முகத்தை நேரே திருப்பினால் ஒரு சொல் தவறாமல் எனக்குப் பிடிபடும்.

முழங்கால் தேய்ந்து நான் தறியை விட்ட பிறகும் வீட்டில் இதே வழக்கம் தொடர்ந்தது. காது எந்த வருஷம் போனது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவள் பேசினால் எனக்குப் புரிந்தது, அது காதால் புரிகிறதா கண்ணால் புரிகிறதா என்று யார் யோசித்துப் பார்த்தது?

பிறகு அவளுக்கு ஈறு வீங்கிப் பல்லெல்லாம் ஆட ஆரம்பித்தது. டாக்டர் மேல்வரிசையைச் சுத்தமாக எடுத்துவிட்டார். கொஞ்ச நாள் கழித்துப் பல்செட் வந்தது. அதைப் போட்டால் மேலுதடு தூக்கிக்கொண்டு எதைச் சொன்னாலும் ஒரே மாதிரி தெரிந்தது. கழற்றி வைத்தால் உதடு உள்ளே போய்விட்டது. அந்த முகத்தை எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்லி இருக்கிறாள், நான் பெரிதாகத் தலையை ஆட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டேன். தொட்டி நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் நனைந்து, அந்த வீட்டம்மாவிடம் இவள்தான் பேச்சு வாங்கினாள்.

எனக்கு முன்கோபம் உண்டு. வாயைத் திறந்து தெளிவாகப் பேசினால் என்ன என்று அவளிடமே எரிந்து விழுந்தேன். அவள் திறந்துதான் பேசிக்கொண்டிருந்தாள். ஒரே விஷயத்தை ரெண்டு தடவை, மூணு தடவை சொல்லிப் பார்ப்பாள். பிறகு உள்ளங்கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விடுவாள். தறியை நிறுத்து என்ற அதே சைகை. கொஞ்ச நாளில் ரெண்டு தடவை சொல்வதும் நின்றது. சாப்பாட்டை வைத்துவிட்டுத் தட்டைக் காட்டுவாள், வெந்நீர் போட்டுவிட்டுக் குளியலறையைக் காட்டுவாள். அவள் என்னிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு உறைத்தபோது நிஜமாகவே பயந்துபோனேன். எங்களுக்கு வீட்டில் வேறு யாரும் இல்லை.

மகள் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஷிப்மெண்ட், சாம்பிள் என்று எந்நேரமும் போனும் கையுமாக இருப்பவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரமே என்னைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். நான் கையில் பொத்தானை வைத்துக்கொண்டு, எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தேன். அவர்கள் முடித்தே விட்டிருந்தார்கள்.

இரண்டு காதுக்கும் மெஷின் வந்தது. பொருத்திவிட்ட பெண் தென்மாவட்டத்துக்காரி, பொறுமைசாலி. மூளை சத்தங்களை மறந்திருக்கிறது, அதற்குத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும், தினமும் போடாவிட்டால் இருக்கிறதும் போய்விடும் என்று எழுதிக் காட்டாத குறையாக விளக்கினாள். நான் சரி சரி என்று தெருவில் இறங்கினேன். கடவுளே, அந்தத் தெரு! பிளாஸ்டிக் பை கசங்கும் சத்தம் மண்டைக்குள் இறங்கியது. என் செருப்பே என்னைத் துரத்தி வருவதுபோல இருந்தது. வீட்டுக்கு வந்தால் குக்கர், கரண்டி, எவர்சில்வர் தட்டு, ஒவ்வொன்றும் ஒரு அடி.

மனைவி எதிரே வந்து நின்று ஏதோ கேட்டாள். தகர டப்பாவுக்குள் இருந்து யாரோ பேசுவதுபோல ஒரு சத்தம் வந்தது, அதில் ஒரு சொல்கூட இல்லை. அதைவிட மோசம், அது அவள் குரல்தானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் குரல் எப்படி இருக்கும் என்பதே என் நினைவில் இல்லை. உதடு நினைவிருந்தது, குரல் இல்லை. மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டு பீரோவுக்குள் தள்ளிவிட்டேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டவில்லை, உள்ளங்கையைக்கூடக் காட்டவில்லை.

மகள்தான் விடவில்லை. மெஷின் பொருத்திய அந்தப் பெண்ணைப் போனில் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். அமைதியான இடத்தில் உட்கார்ந்து, நன்றாகத் தெரிந்த பாட்டுகளைக் கேட்கச் சொல்லுங்கள், தெரிந்த வார்த்தைகளே காதுக்கு வழி காட்டும் என்று அவள் சொன்னாளாம். மகள் தன் போனை நேரே மெஷினோடு இணைத்துவிட்டாள், வயர் கூட இல்லை. முதலில் இப்போது வருகிற பாட்டுகளைப் போட்டாள். கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்கினாற்போல இருந்தது. என் வாலிபத்தில் நான் தியேட்டரில் விசிலடித்துக் கேட்ட பாட்டுகளைப் போட்டாள். அவற்றிலும் ஏகப்பட்ட வாத்தியங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன, பாடுகிறவன் எங்கோ அடியில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"தாத்தா கேப்பாருங்களே, அந்தப் பாட்டுப் போடட்டுங்களா?" என்று எழுதியே காட்டினாள்.

எனக்கு அந்தப் பாட்டுகள்மேல் பெரிய மரியாதை எதுவும் இருந்ததில்லை. குடோனில் ஒரு உத்தரத்தில் என் அப்பா ஒரு ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அலமாரியில் இருந்த ரேடியோவில் அவர் வாலிபத்தில் வந்த பாட்டுகளை வைப்பார், அவருக்குப் பிடித்த ஸ்டேஷன், அவருக்குப் பிடித்த நேரம். தறியும் அவருடையது, ரேடியோவும் அவருடையது, என் பேச்சு எங்கே எடுபடும்? பெட்டி காது பிளக்கப் பாடும். அப்படிப் பாடினால்தான் தறிச் சத்தத்துக்கு மேலே குரலின் நுனியாவது தெரியும். கேட்டுக் கேட்டு எல்லாம் மனப்பாடம். பிடித்துப்போய் மனப்பாடமானது இல்லை, நிற்கிற இடத்தில் வந்து விழுந்ததால் மனப்பாடம்.

அரை மனதோடு சரி என்றேன். ஒரு பெண்ணின் குரல் வந்தது. ஆற்றங்கரையில் ஒருத்தி யாருக்காகவோ காத்திருப்பதாக வரும் பாட்டு. முதல் சொல் புரிந்தது. இரண்டாவது சொல்லும் புரிந்தது. மெஷின் போட்ட நாளிலிருந்து எனக்குப் புரிந்த முதல் பேச்சு அது. ஆனால் எங்கேயோ இடித்தது. பாட்டில் ஏதோ இல்லை. குரல் இருக்கிறது, வீணை இருக்கிறது, கூடவே ஓட வேண்டிய தாளம் காணோம். அடுத்த பாட்டைப் போடச் சொன்னேன். அதிலும் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எவனோ தாளத்த எடுத்துப்போட்டான் கண்ணு. ஒரிஜினலப் போடு," என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. எந்தத் தாளம் என்று கையால் கேட்டாள். நான் கட்டில் சட்டத்தில் தட்டிக் காண்பித்தேன். தடக் தடக், தடக் தடக். இது முதலிலிருந்து கடைசி வரை, பாட்டு ஆரம்பிக்கும் முன்பே ஆரம்பித்து, முடிந்த பிறகும் ஓடுமே, இதுகூடத் தெரியாதா என்று சத்தம் போட்டேன். மகள் என் விரலையே பார்த்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் முகத்துக்கு நேரே, உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, பாட்டுல ஒண்ணும் கொறையலீங்க. நீங்க தட்டறது நம்ம தறிச் சத்தமுங்க."

யோசித்துப் பாருங்கள். தறியும் ரேடியோவும் ஒரே கரண்டில் ஓடின. கரண்ட் போனால் தறி நிற்கும், அதே நொடியில் பாட்டும் நிற்கும். கரண்ட் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். வெளியே டீக்கடையில் கேட்டாலும் எதிர்ச் சந்தில் தறி, பக்கத்துச் சந்தில் தறி. அந்தப் பாட்டுகளில் ஒன்றைக்கூட நான் தறி இல்லாமல் கேட்டதே கிடையாது. தறிதான் அதன் தாளம் என்று எவ்வளவோ காலம் நம்பிக்கொண்டு, அதே தாளத்தில் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். இப்படி ஒரு ஏமாளி வேறு ஊரில் பிறந்திருக்க முடியாது.

முதல் பாட்டைத் திரும்பப் போடச் சொன்னேன். இந்தத் தடவை தாளத்தைத் தேடவில்லை.

அந்தப் பெண் பாடுவதற்கு முன்னால் மூச்சை இழுத்தாள். அது கேட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் பிறப்பதற்கு முன்னால் எங்கோ ஒரு அறையில் ஒருத்தி இழுத்த மூச்சு, இத்தனை காலம் என் தலைக்கு மேலேயே தொங்கிய பெட்டியில் தினமும் வந்துகொண்டிருந்த மூச்சு, இப்போதுதான் என்னிடம் வந்து சேர்ந்தது. ஒரு வரி பாடுகிறாள். பாடிவிட்டுச் சும்மா இருக்கிறாள். அந்தச் சும்மா இருக்கிற இடத்தில் வீணையில் ஒரே ஒரு தந்தி அதிர்ந்து, தேய்ந்து, அடங்குகிறது. அது முழுக்க அடங்கும்வரை எல்லோரும் பொறுத்திருக்கிறார்கள். பிறகுதான் அடுத்த வரி. யாருக்கும் அவசரம் இல்லை. ஒரு பாட்டுக்குள் இவ்வளவு காலி இடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த இடத்தையெல்லாம் தறிதான் அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

தறிக்காரன் உடம்பு ஒருபோதும் சும்மா இராது. இழை அறுகிறதா, நாடா தெறிக்கிறதா என்று தோள் எந்நேரமும் ஒரு பிடியில் நிற்கும். வேலையை விட்டு எத்தனையோ காலமாகியும் என் தோள் அந்தப் பிடியிலேயே இருந்தது. பாட்டு பாதி போவதற்குள் அது தானாக இறங்கியதை நானே கவனித்தேன். கண்ணீரும் வந்தது. மகள் பயந்துபோய் மெஷின் வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன், இன்னொன்று போடு என்று முஷ்டியைத் தள்ளிக் காட்டினேன்.

போவதற்கு முன்னால் மகள் என் போனிலும் அந்தப் பாட்டுகளை ஏற்றி மெஷினோடு இணைத்துக் கொடுத்தாள். அதன்பிறகு சாப்பாட்டுக்கு அப்புறம் நான் வாசற்பக்கக் கட்டிலில் போனோடு உட்கார்ந்துவிடுவேன். எங்கள் குடோனை இப்போது பவர் டேபிள் போட்டுத் தையல் வேலை எடுக்கிறவர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். வடநாட்டுப் பையன்கள் உள்ளே பனியன் தைக்கிறார்கள், அவர்கள் போனிலும் ஏதோ ஹிந்திப் பாட்டு ஓடுகிறது. அவர்களுக்கு அது எந்தத் தையல் மெஷினின் தாளத்தோடு பதிகிறதோ, யார் கண்டது. நான் என் அப்பாவின் பாட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஆண் குரலுக்குப் பின்னால் ஒரு ஆர்மோனியம் மூச்சு விடுவது கேட்டது. ஒரு தாலாட்டில் பாடுகிறவளே கடைசி வரியில் தூங்கப் போகிறவள்போலக் குரலைத் தாழ்த்துவது கேட்டது. அப்பாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும், அவர் தறி போடுவதற்கு முன்னால் கேட்டவர். அந்தக் குடோனுக்குள் அவர் ஒருவர் மட்டும் தறியில்லாத பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று நினைத்தபோது அவர்மேல் எனக்கு முன் எப்போதும் இல்லாத ஒரு மலைப்பு வந்தது.

அந்தத் தென்மாவட்டத்துப் பெண் சொன்னது நடந்தது. பாட்டில் கேட்ட சொற்கள் வெளியிலும் கேட்க ஆரம்பித்தன. டீக்கடைக்காரர் பேசுவது புரிந்தது, மகள் போனில் பேசுவது புரிந்தது. மனைவி மட்டும் பேசவில்லை. பேசாமல் இருந்து அவளுக்குப் பழகிவிட்டது. என்ன சொன்னாலும் இவருக்கு எட்டாது என்று முடிவு செய்துகொண்டவளிடம் போய், எனக்கு இப்போது கேட்கிறது, பேசு என்று எப்படிச் சொல்வது? ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சரி என்று தலையாட்டிவிட்டு, காயவைத்த துணியை எடுக்கப் போனாள். எந்தப் பாட்டைக் கேட்டு என்ன, அன்று முழுவதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஒருநாள் மத்தியானம் போன் மெஷினோடு சேர மாட்டேன் என்று அடம் பிடித்தது. எனக்கு அதைச் சரிசெய்யத் தெரியாது. சலித்துப்போய் போனைக் கட்டில்மேல் வைத்துச் சத்தமாகப் பாட விட்டேன். அதே ஆற்றங்கரைப் பாட்டு. முதல் அடி முடிந்து, தந்தி அதிர்ந்து அடங்குகிற இடத்தில், தடக் தடக் என்று கேட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெஷின் கெட்டுப்போய்விட்டதோ என்று காதைத் தொட்டுப் பார்த்தேன். அடுத்த அடியில் இரண்டு குரல்கள் வந்தன. ஒன்று போனில் இருந்து, இன்னொன்று வீட்டுக்குள் இருந்து. எழுந்து சத்தமில்லாமல் சமையலறை வாசலுக்குப் போனேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பல்செட் பக்கத்துக் கிண்ணத் தண்ணீரில் கிடந்தது. பாடிக்கொண்டிருந்தாள். பல்லில்லாத வாயில் சில எழுத்துகள் காற்றாகப் போயின, ஆனால் சுருதி அசையவில்லை. ஒவ்வொரு வரி முடிந்ததும் கத்திக் காம்பால் காய் நறுக்கும் பலகையில் தட்டினாள். தடக் தடக், தடக் தடக். அவளும் குடோனில் கற்ற பாட்டுதான் அது. அந்த ஒரிஜினல், நான் மகளிடம் சண்டை போட்டுக் கேட்ட ஒரிஜினல், இங்கே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.

தார் மெஷினில் அவள் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பாள். வேலை நேரம் முழுவதும் அவள் வாய் அசைந்துகொண்டே இருக்கும், முகம் நேரே திரும்பாததால் சொல் பிடிபடாது. என்னைத்தான் வைகிறாள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். மற்ற தறிக்காரர்களும் அதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்வார்கள். அவர்களைப் பார்த்து நானும் சிரித்துவைப்பேன்.

என் நிழல் பட்டிருக்க வேண்டும், திரும்பினாள். பாட்டு சட்டென்று நின்றது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஏனுங்க, கேட்டுப்போட்டுதுங்களா?"

தகர டப்பா இல்லை. கொஞ்சம் கனத்த, ஓரத்தில் லேசாகக் கரகரத்த, ஒரு பொம்பளையின் குரல். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இவ்வளவு காலம் கூடவே வாழ்ந்துவிட்டு, அன்றுதான் அவளை முதல்முறை சந்திப்பவன்போல நான் நின்றேன். கேட்டது என்றேன். தார் மெஷினில் உட்கார்ந்து வாயசைத்ததெல்லாம் இதுதானா என்று கேட்டேன்.

"பின்ன என்னன்னு நெனச்சீங்க?"

"நீ என்னைய வஞ்சுட்டு இருக்கறயின்னுதான் நெனச்சன், அம்மிணி."

முந்தானையை எடுத்துவிட்டுப் பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தாள். சிரிப்பும் கேட்டது.

"உங்கள வையறதுக்கு அத்தன நேரம் எங்கீங்க இருந்துச்சு? தார் சுத்தோணுமல்லங்க."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையில் அவளுக்கு நேரே உட்கார்ந்தேன், முழங்கால் மறுத்தும் உட்கார்ந்தேன். கையை உயர்த்தி, கைப்பிடியைத் தள்ளுவதுபோல முஷ்டியை முன்னால் தள்ளிக் காட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு கத்தியையும் ஒரு வெங்காயத்தையும் எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பாடினாள். வரி முடிகிற இடத்தில் நான் பலகையில் தட்டினேன்.